இருபத்தொன்பது முறை

நவம்பரில் நெர்ப்பெஸ் ஊருக்கு மேலே
நள்ளிரவிலும் வானம் சிவந்திருக்கும்.
தீ இல்லை. தக்காளி.
கண்ணாடிக் கூடங்களில் விளக்கெரித்து
இல்லாத கோடையைச் செடிகளுக்குச்
சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ரூனார் அட்டைப்பெட்டியின் வாயைத் திறந்துவிடுகிறான்.
குண்டுத் தேனீக்கள் ஒவ்வொன்றாய் வெளிவந்து
மஞ்சள் பூவைக் கவ்வி உலுக்குகின்றன.
கவ்விய இடத்தில் பழுப்பாய் ஒரு கன்றல்.
அதைப் பார்த்துத்தான் சொல்வான்,
இது காய்க்கும் என்று.
பதினோரு வருடத்தில் அவன் கணக்கு
பெரிதாய்த் தப்பியதில்லை.

வாசா மருத்துவமனையில்
அவன் விந்தை எண்ணியவர்கள்
மில்லிக்கு இரண்டு லட்சம் என்றார்கள்.
ஒரு கோடியே அறுபது லட்சமாவது
இருக்க வேண்டிய இடம்.
"ஆனால் ரத்தத்தில் ஹார்மோன் குறைவில்லை,"
என்றார் மருத்துவர். "சற்று மிகுதி கூட."
ஹெட்விக் கேட்டாள்: "பிறகு?"

பிறகு இதுதான்:
கூப்பிடும் குரலில் குறையில்லை,
கேட்கும் காது கொஞ்சம் மந்தம்.
ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பி,
அதற்கான மரபணுவின் முன்பகுதியில்
சி, ஏ, ஜி என்று மூன்றெழுத்து
திரும்பத் திரும்ப வரும், எல்லா ஆண்களுக்கும்.
ஒருவனுக்குப் பதினெட்டு. ஒருவனுக்கு இருபத்திரண்டு.
ரூனாருக்கு இருபத்தொன்பது.

நம் பேச்சில் அடுக்குத்தொடர் உண்டு.
பாம்பு பாம்பு என்றால் துள்ளி விலகுகிறோம்,
தீ தீ தீ என்றால் வாளியைத் தேடுகிறோம்.
நான்கைத் தாண்டாதே என்கிறது இலக்கணம்.
இருபத்தொன்பது முறை சொன்னால்
விரைவும் போய் அச்சமும் போய்
சத்தம் மட்டும் மிஞ்சும்.
அவன் உடம்பில்
யாரும் வாளியை எடுக்கவில்லை.

"இது நோயில்லை. நோய்க்கு முப்பத்தெட்டாவது வேண்டும்.
இந்தக் கடலோரத்தில் சில குடும்பங்களில் அதுவும் உண்டு,
தசை கரையும், நாக்கு துடிக்கும்.
நீங்கள் அந்தப் பக்கம் இல்லை.
இது காரணமாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.
இருபத்தொன்பதோடு மூன்று பிள்ளை பெற்றவர்கள் உண்டு."

நாம் விகுதியில் ஒளித்துவைக்கும் அந்த ஐயத்துக்கு
அவர்கள் ஸ்வீடிஷில் தனிச்சொல் வைத்திருக்கிறார்கள்:
கான்ஷே.
வீடுவரை ஹெட்விக்தான் ஓட்டினாள்.
அந்த ஒரு சொல்
பின்னிருக்கையில் உட்கார்ந்து வந்தது.

ஞாயிறன்று சால்மன் சூப்போடு வந்த அம்மா குன்வோர்
மேசைமேல் கிடந்த தாளை
மூக்குக்கண்ணாடி தேடி எடுத்துப் படித்தாள்.
எக்ஸ் குரோமோசோம்.
"அப்படியானால் நான் கொடுத்தது."
ரூனார் பதில் சொல்லாமல் ரொட்டி அறுத்தான்.
ஆணை ஆணாக்கும் எழுத்தை
அம்மாவிடமிருந்து வாங்க வேண்டியிருக்கிறது;
அவளுக்கோ அதைச் சுமந்ததே தெரியாது.

சூப் ஆறிய பிறகு சொன்னாள்:
"என் அப்பா அம்மாவுக்குக் கல்யாணமாகி
பதினான்காவது வருடம் நான் பிறந்தேன். ஒரே பிள்ளை.
அதுவரை ஊர் முழுக்க அம்மாவைத்தான் பேசியது.
தேவாலயத்தில் கடைசி வரிசையில் உட்காருவாளாம்.
அப்பாவும் ஒரு வார்த்தை..."
நிறுத்திக்கொண்டாள்.

அவள் உடம்பில் இரண்டு எக்ஸ்.
அப்பாவுடையது ஒன்று, அம்மாவுடையது ஒன்று.
எது இந்த நீளமானது?
இறந்தவர்களிடம் ரத்தம் கேட்க முடியாது.
"கான்ஷே," என்றாள் ஹெட்விக், மெல்ல,
கடைசி வரிசைக்கு ஒரு நாற்காலி
கொண்டுபோய்ப் போடுவதுபோல.

இப்போது ஃபிரிட்ஜில், வெண்ணெய்க்குப் பக்கத்தில், ஊசிமருந்து.
வேறொரு ஹார்மோன். அதற்கு வேறொரு காது.
அங்கும் அறுநூற்றெண்பதாம் இடத்தில்
ஓரெழுத்து மாறியிருக்கிறதாம்,
அளவைக் கூட்ட வேண்டிவரலாம்.
திங்கள், புதன், வெள்ளி.
தானே குத்திக்கொள்கிறான்.

தொப்புளுக்கு இடப்பக்கம் பழுப்பாய் ஒரு கன்றல்.
ஹெட்விக் விரல் வைத்துப் பார்க்கிறாள்.
"நீதானே பார்த்துச் சொல்வாய்?"
சட்டையை இறக்கிவிட்டுப்
பூட்ஸ் மாட்டிக்கொண்டு
ஆறாம் கூடத்துக்குப் போகிறான்.
வானம் இன்னும் சிவப்பாக இருக்கிறது.